வெருகலாற்றிலிருந்து கும்புக்கன் வரை

பெரிய கிளாக்கரின் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. நாங்கள் வேலை பார்த்தது மாத்தளைக் கச்சேரியில். மாவட்ட நிர்வாகமெல்லாம் நடக்கும் அலுவலகம் அது. எங்கள் மாவட்டத்தின் எந்த மூலையும் கடலைத் தொடாது. அவர் மாட்டியிருந்ததோ தம் சொந்த மாவட்டமான மட்டக்களப்பு. நீலப் பென்சிலால் அவரே தீட்டிய நீண்ட கரை, அதை ஒட்டி வாவி, வடக்கே வெருகலாறு, தெற்கே கும்புக்கன் ஓயா என்ற ஆறு. இடையில் பற்றுகள், அந்தப் பக்கத்தில் நிர்வாகப் பிரிவுக்கு அதுதான் பெயர். இன்று அந்த வரைபடம் என் வீட்டில் இருக்கிறது. காலையில் எழுந்ததும் பற்றுகளை எண்ணுகிறேன். தொகை சரியாக வந்தாலும் மனம் அமைவதில்லை, மறுபடி எண்ணுகிறேன்.

எண்ணும் பழக்கம் எனக்கு வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு. அவர் அதைக் கேலி செய்வார். மாத்தளை தெற்கு, மாத்தளை கிழக்கு, மாத்தளை வடக்கு என்று எங்களுக்கு மூன்றே பிரிவுகள். "என்ன தம்பி, உங்கட மாத்தளைக்குத் தெக்கு இரிக்கி, கிழக்கு இரிக்கி, வடக்கு இரிக்கி. மேற்க ஆரு கொண்டு போன?" என்பார். பிறகு தம் கரைக்குப் போய்விடுவார். பற்றுக்குப் பற்று வன்னியனார் ஆண்ட காலம், ஊர்த் தலைமைக்காரரான விதானைமார் காலம், அந்தப் பதவி போய்க் கிராம சேவகர் வந்தது எல்லாம் அவர் வாயில் உறவுக்காரர் கதை போல வரும். ஒருமுறை தேநீர்க் கோப்பை தவறி வரைபடத்தில் தெறித்தபோது, எல்கடுவயிலிருந்து வரும் எங்கள் பியோன் துணியோடு ஓடிவந்து, "ஐயா, கடலு கரைய தாண்டிருச்சுங்க, தொடச்சிரவா?" என்றான். பெரிய கிளாக்கர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிரிப்புக்கு அடியில் ஒரு தவிப்பு இருந்தது. அவருடைய மனைவி பாணமைப்பற்றில், கடலோரக் கிராமமொன்றில் தனியே இருந்தார். அவர்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கல்யாணத்தின்போது பெற்றோர் அவளுக்குக் கட்டிக் கொடுப்பது. ஆண்தான் அங்கே போய்க் குடியிருக்க வேண்டும். அந்த வீட்டைப் பூட்டிவிட்டு மாத்தளைக் குளிருக்கு வர அந்த அம்மா சம்மதிக்கவில்லை. அதனால் இவர் வருடாவருடம் இடமாற்றம் கேட்டார். விண்ணப்பத்தில் விரும்பும் மாவட்டங்கள் மூன்று எழுதச் சொல்வார்கள். மூன்று இடத்திலும் மட்டக்களப்பு என்றே எழுதுவார். வேறு ஒன்றையாவது போடுங்கள் என்று நான் மன்றாடியிருக்கிறேன். "எனக்கு மூணு ஊரா இரிக்கி?" என்பார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் மட்டக்களப்பின் தென்பாகத்தைப் பிரித்து அம்பாறை மாவட்டம் ஆக்கினார்கள். கடலையே காணாத உட்புற ஊர் அதற்குத் தலைநகர். பாணமைப்பற்று அந்தப் பக்கம் போயிற்று. எத்தனையோ வருடங்களாக வராத இடமாற்றம் அதற்குப் பிறகுதான் வந்தது, அவர் கேட்டபடியே, மட்டக்களப்பு மாவட்டத்துக்கு. போட்டிருந்த இடம் வாகரைப் பக்கம், வெருகலாற்றுக்கு அருகே. வரைபடத்தில் அவர் விரலை அங்கே வைத்தார். மறு கையின் விரலை, வீட்டுக்கு அடையாளமாகச் சிவப்பு மையால் வைத்திருந்த புள்ளியின் மேல் வைத்தார். இரண்டு கையும் விரிந்து நின்றன. "நான் அசையல்ல தம்பி. வீட்டத்தான் கொண்டு போய்ட்டாங்க."

மறுபடி விண்ணப்பித்தால் வரிசையின் அடியிலிருந்து தொடங்க வேண்டும். முழுப் பென்சனுக்கு இன்னும் இரண்டு வருடம். "ரெண்டு வருஷம்தானே ஐயா, வாகரையில இருந்து முடிச்சிட்டுப் போங்க," என்றேன். அவர், கிழக்கிலிருந்து கருவாட்டு லொறி ஓட்டிவரும், நாங்கள் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் ஒருவரிடம் வீட்டுக்குச் செய்தி சொல்லி அனுப்பினார். அடுத்த தடவை லொறி வந்தபோது காக்கா கச்சேரி வாசலிலேயே நின்று உரக்கச் சொன்னார்: "வீடு எங்கயும் போகல்லயாம். ஆள்தான் வரணுமாம்!"

அந்த வாரமே வேலையை விட்டார். நான் கோபித்துக்கொண்டேன். என் கணக்கில் அது பைத்தியக்காரத்தனம். வரைபடத்தைக் கழற்றி என் கையில் தந்தார். "இது எனக்கென்னத்துக்கு? நான் அங்கயே இரிக்கப் போறன்," என்றார். அதன் பிறகு அவரிடமிருந்து செய்தியில்லை.

நான் முழுச் சேவையையும் முடித்தேன், ஒரு நாள் குறையாமல். மனைவியை ஹஜ்ஜுக்குக் கூட்டிப் போவது, ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் ஒரு நாளாவது காலாற நடப்பது, எல்லாவற்றையும் பென்சனுக்குப் பிறகு என்று ஒதுக்கி வைத்திருந்தேன். பென்சனுக்கு முந்திய வருடமே அவள் மவுத்தாகி என்னை விட்டுப் போய்விட்டாள்.

பிழையான வரைபடம் சுவரில் தொங்குவது எனக்குப் பொறுக்காது. புதிய எல்லையைப் போட்டுவிடலாமென்று இன்று காலையும் பென்சிலைச் சீவி எடுத்தேன். கோடு எங்கே போக வேண்டுமென்று தெரியும். கை அங்கே போகாமல் கீழே, பாணமைப்பற்றின் கரையில் அவர் சிவப்பு மையால் வைத்த புள்ளியில் போய் நின்றது. புள்ளி வைத்த இடத்திலேயே இருக்கிறது. என் வீட்டிலும் எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. எண்ணிப் பார்த்துவிட்டேன்.