கற்பூரம் மணத்த சீட்டு

நான் ஏழாவது படித்தபோது எங்கள் கற்பூரக் கடை மாடியில் மாமா ஒரு கூட்டம் ஆரம்பித்தார். அம்மாவின் தம்பி அவர். ஊர்ப் பையன்களும் பெண்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வேண்டும் என்பது அவர் ஆசை. திருவண்ணாமலையில் அப்போது அது சின்ன விஷயம் இல்லை. ஞாயிறு நாலு மணிக்காக வியாழக்கிழமையிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளாது.

பெரியவர்களுக்கு அனுமதி கிடையாது, மாடியைக் கொடுத்த அப்பா உட்பட. "மேல நீ என்ன மாநாடு வேணா நடத்து மச்சான், கீழ யாவாரம் கெடக்கூடாது" என்று சொல்லிவிட்டு அவர் ரேடியோவைத் திருகிக்கொள்வார்.

பேசக் கூச்சப்படுகிறவர்கள் சீட்டில் எழுதலாம். கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின் வாரம் முழுக்க இருக்கும். பெயர் எழுதாமல் அதில் போட வேண்டும். ஞாயிறன்று மாமா பிரித்துப் படிப்பார். நாலு பேர் முன்னால் வாயே திறக்காத எனக்கு அந்த டின்மேல் தனிப் பிரியம்.

அந்த வருஷம் அக்கா பிளஸ் டூ பாஸ் பண்ணியிருந்தாள். காலேஜ் அப்ளிகேஷன் அப்பாவின் கையெழுத்துக்காகக் கடையில் சாமி படத்துக்குப் பின்னால் கிடந்தது. புதன்கிழமை கடைசி நாள். அப்பா மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அக்கா கிணற்றடியில் உட்கார்ந்து அழுதாள். நான் கற்பூரம் மடிக்கும் தாளைக் கிழித்து, "எங்கள் அக்கா காலேஜ் போக வேண்டும். அப்பாவிடம் யார் சொல்வது?" என்று எழுதிப் போட்டேன்.

ஞாயிறன்று மாமா அதைப் பிரித்ததும் அறையே மணத்தது. அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின.

"பேர் எழுதலன்னா என்ன, தீபாராதனையே காட்டிட்டாங்களே" என்றான் சைக்கிள் கடைக்காரர் மகன். ஒரே சிரிப்பு. பக்கத்திலிருந்த அக்கா என் தொடையைக் கிள்ளினாள்.

மாமா அடுத்த சீட்டை எடுத்தார். அதுவும் மணத்தது. "பெண்ணைக் காலேஜுக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது. வழியில் துணைக்கு யார் இருக்கிறார்கள்?" என்று படித்தவர், யாருக்கும் காட்டாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அக்கா வேலைதான் என்று நான் நினைத்தேன். அவளோ என்னையே முறைத்தாள்.

அதே நேரம் கீழே ரேடியோ நின்றுபோனது. கரண்ட் போய்விட்டது போல.

"நான் தெனம் காலேஜுக்கு அந்த வழியாதாங்க போறேன். வீட்டாண்ட வந்து கூப்ட்டுக்கறேன்" என்றாள் வாத்தியார் மகள்.

"பசங்க கேலி பண்ணா?" என்று கேட்டார் மாமா.

"யாரு, இவனுங்களா? இங்க பேசவே இவனுங்களுக்குக் கையும் காலும் ஒதறுது."

"நாங்க கேலி பண்ணா எங்க பேரை எழுதி டின்ல போடுங்க" என்றான் சைக்கிள் கடைக்காரர் மகன்.

"அதுக்கு மட்டும் பேர் எழுதலாம்" என்றார் மாமா.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, எழுந்து நின்றுவிட்டேன். "மழை பேஞ்சா நான் கொட எடுத்துனு போறேன்." எல்லோரும் கை தட்டினார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அதுதான்.

கூட்டம் முடிந்ததும் ஓடி இறங்கினேன். கல்லாமேல் அப்ளிகேஷன், கையெழுத்தோடு. மை இன்னும் காயவில்லை. அப்பா ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்.

"கரண்ட் வந்துடுச்சாப்பா?"

"ம், வந்துடுச்சு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மாடியில் கூட்டம் முடியும்வரை ஃபேன் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.