அழுத வில்லனும் என் வாய்ஸ் மெசேஜும்

போன ஞாயிறு நாகர்கோவிலில் குடும்பத்தோடு ஓர் அனிமேஷன் படம் பார்த்தேன். டிக்கெட் எடுத்தது ஜெபா — என் மைத்துனரின் மகள். சென்னையில் அனிமேஷன் கம்பெனி ஒன்றில் வேலை. அவள் வேலை பார்த்து வெளிவந்த முதல் படம். லீவில் வந்தவள், சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துவிட்டாள்.

வில்லன் ஒரு கடல் அரக்கன். சின்ன வயதில் பார்த்த பழைய டிவி தொடரில் அவன் தலை தெரிந்தாலே நாங்கள் தலையணையில் முகம் புதைப்போம். ஏன் கெட்டவன் என்று யாராவது கேட்டோமா? கெட்டவன், அவ்வளவுதான்.

புதுப் படத்தில் ஆளையே மாற்றியிருந்தார்கள். சுருட்டை முடி, சோகக் கண், அம்மா விட்டுவிட்டுப் போன பால்யம்... ஒரு ஊரையே கடலில் மூழ்கடித்துவிட்டு, கடைசியில் பாறைமேல் உட்கார்ந்து அழுகிறான். நிறைய நேரம் அழுகிறான். பயப்பட வந்த பிள்ளைகள் பாப்கார்னைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் ஒருவர், "போதும்டே, எழும்பிப் போ" என்றார். தியேட்டரே சிரித்தது. அதிகம் சிரித்தது யார்? சந்தேகமென்ன — உங்கள் பத்தியாளர்தான்.

சிரித்ததோடு விட்டேனா? பார்க்கிங்கில் நின்றபடி குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். வில்லனுக்கு ஜலதோஷம் என்றும், அவனை வரைந்த ஆள் மழையில் நனைந்த பூனையைப் பார்த்துத் தொழில் படித்திருக்க வேண்டும் என்றும். மஸ்கட்டில் இருந்தெல்லாம் சிரிப்பு பொம்மைகள் வந்து விழுந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீடு திரும்பும்போது மனைவி பைக்கில் பின்னால் இருந்தாள். சுசீந்திரம் தாண்டியபின் சொன்னாள்.

"அந்த அழுகிற சீன் முழுக்க ஜெபாவாக்கும் செய்தது. உங்களுக்குப் பக்கத்து சீட்டுல இருந்து, நீங்க என்ன நினைக்கியளோன்னு உங்க முகத்தையே பாத்துட்டிருந்தா."

பைக்கை ஓரம்கட்டி மெசேஜை அழித்தேன். என்ன பயன்? அதற்குள் எல்லோரும் கேட்டாயிற்று. அவளும்.

மறுநாள் ஆரல்வாய்மொழியில் ஜெபாவின் வீட்டுக்குப் போனேன். மைத்துனர் கதவைத் திறந்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. மகளைக் கூப்பிட்டுவிட்டு, காற்றில் படபடத்த ஜன்னலை அடைக்கப் போய்விட்டார். நாற்காலி எடுத்துப் போட்டது ஜெபாதான்.

நான் பேச ஆரம்பித்தேன். அன்றைக்குக் காலையிலிருந்தே தலைவலி என்றேன். வாராவாரம் கிண்டலாக எழுதி எழுதி நாக்கு முந்திக்கொள்கிறது என்றேன். என் அப்பா சொந்தக்காரர்கள் முன்னால் என்னை இப்படித்தான் கேலி செய்வார், அதே குணம் எனக்கும் ஒட்டிக்கொண்டது என்பது வரை போய்விட்டேன். உருக்கமாகத்தான் சொன்னேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு அவள் படத்தைப் பற்றிப் பேசினாள்.

"ஜனங்க சிரிச்சதுல தப்பு ஒண்ணும் இல்ல மாமா. ஊரையே முக்கினவன், கடைசில சின்ன வயசுக் கதையைச் சொல்லுகான். செத்தவங்களுக்க வீட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பாக்கல்ல. ஒரு மன்னிப்பு கேக்கல்ல. பின்ன நான் எப்படி அழ வச்சாலும் யாரு நம்புவா?"

சத்தியமாக அவள் வில்லனைத்தான் சொன்னாள். அவள் முகத்தில் ஒரு குத்தலும் இல்லை. ஆனால் சற்றுமுன்தான் அப்பா கதையைச் சொல்லி முடித்திருந்த எனக்கு, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கெட்டவனுக்கு ஒரு காரணம் இருக்கலாம். காரணத்தைச் சொன்னதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று அவன் நினைக்கிறான் பாருங்கள் — அங்கேதான் படம் படுக்கிறது.

"மக்கா, நான் பேசினது தப்பு. மன்னிச்சிரு" என்றேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை.

"சரி மாமா" என்றாள். சிரிக்கவில்லை. சிரிப்பாள் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன யோக்கியதை?

அன்று மாலையே குரூப்பில் இன்னொரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். ஜெபாவின் வேலையைக் கேவலமாகப் பேசியது என் தவறு, மன்னிக்கவும் என்று மட்டும். இதை எழுதும் வரை ஒரு பதிலும் இல்லை.

கிண்டலைக் கேட்க ஊரே வருகிறது... மன்னிப்பை மட்டும் நாம் தனியாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.