முகத்தை மறைத்தார்கள், கதவை மறைக்கவில்லை

இதை யாருக்கும் காட்டாதீர்கள். அப்பாவின் வேலை போய்விடும்.

அப்பா வேலை செய்யும் அனல்மின் கம்பெனியின் சாம்பல் எங்கள் ஆற்றில் கலப்பதைப் பற்றி, எங்கள் வீட்டு வாசலில் நின்று ஓர் ஆவணப்படத்தில் பேசினேன். முகத்தை மங்கலாக்கி, குரலையும் மாற்றிவிட்டார்கள். தைரியமாகத்தான் இருந்தேன்.

இன்று டோல்கேட்டில் ஏறிய ஷேர் ஆட்டோவில், பக்கத்தில் இருந்தவர் போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். நான் பேசும் இடத்தில் நிறுத்தினார்.

"இன்னா பாப்பா, எண்ணூரா? இது யாரு வூட்டுப் பொண்ணு?"

"தெரியாதுண்ணா."

"மூஞ்சி தெரியாட்டி இன்னா? பின்னால கதவு தெரியுதே. மஞ்சளும் பச்சையும். இந்த கலர்ல எந்தப் படகு கீதுன்னு கேட்டா, குப்பத்துல சொல்லிட மாட்டாங்க?"

எங்கள் குடும்பப் படகுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டைத்தான் நாங்கள் கதவுக்கு அடிப்போம். அது இவருக்கு எப்படித் தெரியும்?

நான் படிக்கும் அறிவியல் நாவலில், நடையை வைத்தே ஆளைப் பிடிக்கும் இயந்திரம் வருகிறது. இங்கே ஒரு பெயின்ட் டப்பா போதும்.

ஒரு ஸ்டாப் முன்பே இறங்கினேன். அவரும் இறங்கினார். சந்துகளில் ஓடி வீட்டுக்கு வந்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

கதவின் மேல் அடிக்க, யாரிடமாவது நீல பெயின்ட் மிச்சம் இருக்கிறதா? விடிவதற்குள் காயுமா?

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவுக்கு இன்று நைட் ஷிப்ட். அப்படியென்றால் இது