அடைப்புக்குறிக்கு ஒரு தட்டு

கணக்கைப் பார்த்துப் படிப்பதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் இருக்கும் பார்வையற்ற பெண் ஒருவருக்கு அரசு வேலைக்கான தேர்வு. நான் கேள்வியைப் படித்து, அவர் சொல்லும் விடையைக் குறிக்க வேண்டும். வயது வரம்புப்படி அதுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு.

முதல் நாள் பயிற்சியிலேயே என் வண்டவாளம் வெளியே வந்துவிட்டது. "மூன்று பெருக்கல் நான்கு கூட்டல் ஐந்து" என்று கம்பீரமாகப் படித்தேன்.

"அடைப்புக்குறி எதுவும் இல்லையா சார்?"

இருந்தது. கண் பார்த்ததை வாய் விழுங்கிவிட்டது. அடைப்புக்குறி திறந்தால் மேஜையில் ஒரு தட்டு, மூடினால் இரண்டு தட்டு என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

அவர் அதோடு விடவில்லை. "எங்க எழுத்துல எல்லாமே புள்ளிதான். உங்க சமக்குறி எப்படி இருக்கும்?"

துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, இரண்டாக ஒடித்து, ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, "ஏன் ரெண்டு கோடு?" என்றார். அறுபது வயது வரை எனக்கு அந்தச் சந்தேகம் வந்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போய்த் தேடினேன். பல நூற்றாண்டுகளுக்கு முன் வேல்ஸ் நாட்டுக்காரர் ஒருவர், 'இதற்குச் சமம்' என்று திரும்பத் திரும்ப எழுதி அலுத்துப்போனாராம். ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகளைவிடச் சமமானது வேறென்ன இருக்கிறது என்று அதையே குறியாகப் போட்டாராம். மறுநாள் இதைச் சொன்னதும் அவர் குச்சிகளை மறுபடி தடவினார்.

"ஒண்ணு கொஞ்சம் நீளமா இருக்கு சார்."

தென்னூரில் தேர்வு. முதல் தட்டுக்கே மேற்பார்வையாளர் வந்து, "மேஜையத் தட்டாதீங்க, மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்குல்ல" என்றார். கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"திறந்தா மூச்ச இழுங்க, மூடினா விடுங்க. எனக்குக் கேக்கும்" என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார். அப்படியே முடித்தோம்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு கணக்கில் மூன்று பெருக்கல், அடைப்புக்குறிக்குள் நான்கு கூட்டல் ஐந்து, அதற்கு வெளியே கழித்தல் இரண்டு. பதற்றத்தில் மூச்சை இழுத்தவன் ஐந்துக்குப் பிறகு விடவே இல்லை. அவரிடம் சொன்னேன்.

"தெரியும் சார். கடைசில மூடினா இருபத்தொண்ணு வரும், நீங்க படிச்ச நாலு விடையில அது இல்ல. அஞ்சுலயே மூடினா இருபத்தஞ்சு, அது இருந்துச்சு. நானே மூடிட்டேன்" என்றார். "நீங்க இப்பவாவது மூச்ச விடுங்க."