நண்டு தின்ற சித்தப்பா

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து லாசாலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்ததும் அப்பா சுவீடனில் இருக்கும் தம்பியோடு தொலைபேசியில் கதைப்பார். முப்பத்தைந்து வருடப் பழக்கம். ஆனால் ஒருநாளும் அங்கே போனதில்லை. வீடியோவில் முகம் பார்த்ததும் இல்லை. "எனக்கு உது சரிவராது" என்பார்.

நான் எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. பால் போத்தலைக்கூடத் திகதியை இரண்டு தரம் பார்த்துத்தான் வாங்குவேன். எங்கள் பரம்பரையை எழுதி வைக்கப் போகிறேன், சித்தப்பாவிடம் போய்க் கேட்கப் போகிறேன் என்றதும் அப்பா சொன்னார்: "லாசால் குளிர் காணாதெண்டோ அங்கை போறாய்?" முகத்தில் சிரிப்பில்லை. அப்போதே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

சித்தப்பாவும் சித்தியும் என்னைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. பூட்டனின் பெயரைக் கேட்டால், "அண்ணையைக் கேள், பிள்ளை." எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் எடுத்தார் என்று கேட்டாலும் அதே பதில். மனிதர் பிடி கொடுக்கவே இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் நண்டுக்கறி. நண்டு வாயில் பட்டாலே தம்பியின் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிடும் என்று அப்பா எத்தனை தரம் சொல்லிச் சிரித்திருக்கிறார்! இவரோ ஒவ்வொரு காலாகக் கடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு தடிப்புக்கூட இல்லை.

"உங்களுக்கு நண்டு ஒத்துவராதெண்டு அப்பா சொன்னவர்."

அவருடைய கை அப்படியே நின்றது. சித்தி எழும்பி உள்ளே போய்விட்டார்.

மூன்று மணிக்கே இருட்டியது. சித்தப்பா என்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். வேறு ஊர்களில் அடக்கமானவர்களுக்கு மெழுகுதிரி ஏற்ற அங்கே ஒரு பொது இடம் உண்டு. பனியில் முழங்காலிட்டு ஒன்றை ஏற்றினார்.

"இது உன்ர சித்தப்பாவுக்கு. என்ர கூட்டாளி. வெளிநாடு வரப் பாஸ்போட் எடுத்து வைச்சவன், ஷெல் விழுந்து செத்துப்போனான். அந்தப் பாஸ்போட்டிலை நான் வந்தனான். அந்த நாளிலையிருந்து அவன்ர பேர்தான் என்ர பேர்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலே பேசவிடாமல் காருக்குத் திரும்பி நடந்தேன். கோபத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. தம்பி இல்லையென்று அவருக்கு யார் சொல்வது? சொல்வதில்லை என்று விமானத்திலேயே முடிவெடுத்தேன்.

நான் வந்து இறங்கியபோது அப்பா வாசல் படியில் பனி உருக உப்புப் போட்டுக்கொண்டு நின்றார்.

"சித்தப்பா எப்பிடி இருக்கிறார்?"

"நல்லா இருக்கிறார், அப்பா. உங்களைத்தான் கேட்டவர்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "உனக்குப் பொய் சொல்ல வராது, பிள்ளை. தம்பியை அடக்கம் பண்ணினது நான். பாஸ்போட்டைக் குடுத்ததும் நான்தான்."

பெட்டியைப் பனிக்குள்ளேயே போட்டுவிட்டேன். "பிறகேன் இவ்வளவு காலமாத் தம்பி, தம்பியெண்டு கதைச்சனியள்? ஒருக்காப் போய்க்கூடப் பாக்கேல்லை?"

"போனிலை கதைக்கேக்கை தம்பி இருக்கிறான், பிள்ளை. முகத்தைப் பாத்தால் இல்லை."