பசு இல்லாத ஒரு படம்

ரெஜினா அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது கடை டெலிபோனை எடுத்தது நான்தான். தங்கவயலிலிருந்து அவருடைய கணவர் பேசினார். "காலையில எழுந்திருக்கல தம்பி" என்றார். பில் போடக் காத்திருந்த அம்மாளை அனுப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

ஆஸ்டின் டவுனில் எங்கள் சூப்பர் மார்க்கெட்டுக்கு வந்துபோன உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். தினமும் தங்கவயல் ரயிலில் வந்து, பில் கவுண்டர் முதல் குடோன் வரை எங்களை அதட்டி வேலை வாங்கியவர். கடையையும் உங்களுக்குத் தெரியும். சுவரில் ஆரஞ்சுப் பட்டை, கன்னடத்திலும் இங்கிலீஷிலும் கையால் எழுதிய பலகைகள், கூரையிலிருந்து தொங்கும் பிளாஸ்டிக் திராட்சைக் கொடி, பால் கவுண்டரில் ஆளுயர ஃபைபர் பசு.

ஊரெங்கும் கண்ணாடியும் விளக்குமாகப் புதுக் கடைகள் வந்தபோது எங்கள் கடை மட்டும் அப்படியே நின்றது. "எதையும் மாத்திடாதீங்க" என்று வாடிக்கையாளர்கள் கொஞ்சினார்கள். முதலாளிக்குச் செலவு மிச்சம். அக்காவுக்குத்தான் வயிறு எரிந்தது. "திராட்சையில ஒட்டட, பசுவுக்குக் காது ஒடஞ்சிருக்கு. இதுக்குப் பேரு அழகாம்" என்பார். விடுமுறை நாளில் புதுக் கடைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்: "அங்க லைட்டப் பாக்கணுமே தம்பி. கத்திரிக்காகூட கல்யாணத்துக்குக் கெளம்பின மாதிரி இருக்கு."

ஒருநாள் முதலாளியிடமே கேட்டுவிட்டார். "சார், அந்தப் பசுவ வித்துட்டு ரெண்டு டியூப் லைட்டாவது போடுங்க." அவர் சிரித்தார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

பிறகு பழைய கடைகளைப் படம் பிடிக்க வைட்ஃபீல்டிலிருந்து கேமராவோடு ஒரு பெண் வந்து, பசுவின் பக்கத்தில் அக்காவை நிற்கச் சொன்னாள். அவர் மாட்டேன் என்றார். "சும்மா நில்லுக்கா" என்று தோளைப் பிடித்துத் தள்ளி நிறுத்தியது நான். உர்ரென்று நின்றார்.

இரங்கல் கூட்டத்துக்குப் படம் தேடியபோது கடையில் அந்தப் பசுப் படம் ஒன்றுதான் இருந்தது. பெரிதாக்கி மாலை போட்டு, பால் கவுண்டரிலேயே வைத்தோம். பழமையைக் கண்போலக் காத்தவர் என்று முதலாளி பேசினார். நானும் எழுந்து, அந்தத் திராட்சைக் கொடியைப் பெற்ற பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டார் என்றேன். எந்த வாயால் அதைச் சொன்னேனோ, இன்றும் நினைத்தால் கூசுகிறது.

முன் வரிசையில் அவருடைய கணவர் இருந்தார். கூட்டம் கலைந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்து நீட்டினார். ஏதோ ஒரு புதுக் கடை வாசல். தலைக்கு மேல் விளக்குப் பலகை எரிய, பட்டுப்புடவையில் அக்கா பல் தெரியச் சிரிக்கிறார்.

"இத வைக்கலாமான்னு கேக்கத்தான் கொண்டாந்தேன். நீங்க ஏற்கெனவே மாலை போட்டுட்டீங்க. அவளுக்கு அந்த மாட்டப் புடிக்காது தம்பி."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. படத்தை மாற்றிவிடலாம் என்று முதலாளியிடம் ஓடினேன். வாங்கிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல நம்ம கடையே இல்லையேப்பா" என்று திருப்பிக் கொடுத்தார். கணவரிடம் கொடுக்கப் போனேன், "நீங்களே வச்சுக்கங்க தம்பி" என்றார்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சிரிப்புதான். கல்லாப்பெட்டியின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் பார்ப்பதெல்லாம் பசுவோடு இருக்கும் பெரிய படத்தைத்தான். "யாருங்க இவங்க, ஏன் இவ்வளவு கோவமா இருக்காங்க?" என்று கேட்கிறார்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். தலையைக் குனிந்தபடி பில் போடுகிறேன்.