கோயில் சுண்ணாம்பு

நேற்று வில்லியனூர் கடைத்தெருவில் மாம்பழம் வாங்கினேன். பார்வைக்குத் தங்கம். வீட்டுக்கு வந்து கழுவும்போது காம்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம். அழுத்தினால் விரல் உள்ளே போகிறது. விற்றவளைத் திட்டிப் பயனில்லை. இந்த அழுகல் பல நேரம் பூவிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்தக் கிழவிக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பீர்கள். கேளுங்கள், எனக்கும் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

எழுபதுகளில் நான் டவுனிலிருந்து வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். மாம்பழம் தெரியும், மாம்பூ தெரியாது. தை மாதம் தோப்பே பூத்து நின்றபோது, அந்த வாசனைக்கு விடாமல் தும்மினேன். புது மருமகளுக்குச் சளி என்று ஊரே கஷாயம் சொன்னது.

தோப்பு என் மாமனார் வைத்துவிட்டுப் போனது. என் வீட்டுக்காரர் சின்னப்பனுக்கும் அவருடைய அண்ணன் அந்தோணிக்கும் பொது. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு மரத்துக்கும் பேர் வைத்திருந்தார். சூசையப்பர் மரம், மாதா மரம், சம்மனசு மரம். எவ்வளவு பழுத்தாலும் புளிக்கிற ஒன்றுக்கு உபதேசியார் மரம் என்று பேர். கோயிலில் ஞானப்பாடம் சொல்லித்தரும் உபதேசியாரின் காதில் அது விழாமல் பார்த்துக்கொள்வதே எங்களுக்குப் பெரிய வேலை.

அந்த மரங்களுக்குத்தான் சீக்கு வந்தது. பனி கொட்டினால் பூங்கொத்து அப்படியே கருகிப் போகும். தப்பிய பிஞ்சில் பாதி உதிரும். மீதி பழுக்கும்போது காம்போரம் அழுகும். வருஷா வருஷம் இதே கதை. என் மச்சாண்டார் அந்தோணி ஒருநாள் வந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"கெழட்டு மரம்பா. வெட்டிட்டுக் கரும்பு போட்டுடலாம்."

"இந்த ஒரு பூ பாக்கலாம்ணே. மருந்தடிக்கிறேன். தேறலன்னா நீ சொல்றாப்ல வெட்டிக்கலாம்."

"சரி, ஒன் இஷ்டம்" என்று அவர் போய்விட்டார்.

விவசாய ஆபீசில் வழி சொன்னார்கள். மயில்துத்தத்தை ஒரு மண்பானையில் கரைக்க வேண்டும். புதிதாகச் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு பானையில் கரைக்க வேண்டும். இரண்டையும் மூன்றாவது பானையில் ஒன்றாக ஊற்ற வேண்டும். பளபளப்பான கத்தியை அதில் முக்கிப் பார்த்து, செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, துத்தம் இலையைச் சுட்டுவிடும் என்று அர்த்தம். அவ்வளவுதான். குழம்பு வைப்பதைவிடச் சுலபம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

துத்தம் வாங்கியாயிற்று. சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் சூளைக்குப் போக வேண்டும். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. கிறிஸ்துமஸுக்குக் கோயிலுக்கு வெள்ளையடித்தது போக ஒரு மூட்டை மீந்து, கோயில் பின்கட்டில் கிடந்தது. உபதேசியாரைக் கேட்டுச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார்.

"சூளை சுண்ணாம்பு இன்னா சுண்ணாம்பு? இது கோயிலுதுடி. மரத்துல பட்டா ஆசீர்வாதம்."

சிலுவை போட்டுக்கொண்டு தண்ணீர் ஊற்றினார். புதுச் சுண்ணாம்பு என்றால் கொதித்துப் பொங்கும். இது ஆறிப்போன கூழ் மாதிரி கிடந்தது. துத்தத்தோடு சேர்ந்ததும் மாதா சொரூபத்தின் மேலாடை நிறம் வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அது போதுமானதாக இருந்தது. அரிவாளை முக்கி எடுத்தார். நுனி சிவந்திருந்தது.

"துருடி இது. பழைய அருவா" என்று வேட்டியில் துடைத்துவிட்டார்.

இரவல் வாங்கிய மிதி பம்பை நான் மிதித்தேன். அவர் மூங்கில் கழியில் குழாயைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகத் தெளித்தார். என் தலை, புடவை, செருப்பு எல்லாம் நீலம். அன்று அவர் சிரித்ததுபோல் அதற்குப் பிறகு சிரித்து நான் பார்க்கவில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் இலையோரமெல்லாம் தீய்ந்தது. பூங்கொத்துகள் நோயில்கூட இப்படிக் கருகியதில்லை. ஆபீஸ்காரர் வந்து, மீந்த சுண்ணாம்பைக் கையில் தேய்த்துப் பார்த்தார். "காத்துப் பட்டுச் செத்துப்போன சுண்ணாம்புங்க. வெறும் துத்தத்த அடிச்ச கணக்கா ஆயிடுச்சி" என்றார். என் வீட்டுக்காரர் உபதேசியார் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மச்சாண்டார் வந்து பார்த்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. தம்பி முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். சீக்கிரமே மரம் அறுக்கிறவர்கள் வந்தார்கள். என் வீட்டுக்காரரே கயிறு பிடித்தார்.

அதன்பிறகு அண்ணன் முன்னால் அவருக்குக் குரலே எழவில்லை. நிலம், பிள்ளைகள் படிப்பு, வீட்டு நல்லது கெட்டது, எதுவானாலும் "நீ சொன்னா சரிண்ணே. எம்புத்திதான் தெரிஞ்சதாச்சே" என்பார். எனக்கு வயிறு எரியும். இத்தனைக்கும் எங்கள் வாசலில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த மனுஷன் அவர்.

எண்பதுகளில் அவர் போய்ச் சேர்ந்தார். முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, மச்சாண்டார் மட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு சொல்லணும்மா. அந்த வருசம் அவன் மருந்தடிக்கறதுக்கு முன்னாடியே மரத்த வியாபாரிகிட்ட பேசி முடிச்சிட்டேன். பூவு தேறி இருந்தாலும் வெட்டிதான் இருப்பேன்."

"அவருகிட்ட ஏங்க சொல்லல?"

"சண்டைக்கு வருவான்னு பயந்தேன். அப்பறம் அவனே பழிய எடுத்துத் தலைல போட்டுக்கிட்டான். எனக்கு அது சவுரியமா பூடுச்சி."

அழுதார். அழட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது அவரும் இல்லை. தோப்பு இருந்த இடத்தில் கரும்பும் போய், மனை போட்டு, மாடி வீடுகள் வந்துவிட்டன. அங்கே ஒரு மாமரம் நின்றது என்று சொன்னால் நம்ப ஆளில்லை.

வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு என் வீட்டுக்காரர் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, குனிந்து அவரிடம் சொல்வேன். "மரம் போனது ஒங்களால இல்லீங்க." உயிரோடு கேட்டிருந்தால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்று, தெருவே கூடும்படி கத்தியிருப்பார். அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.